யாழ்ப்பாணத்து மண்ணிற் புதைந்த பழமை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் வற்றாது ஓடுகின்ற ஆறும் இல்லை. அனுராதபுரத்துக்குப் போகின்ற பிரயாணி, ஊருக்குள் நுழையுமுன்னரே வானளாவி நிற்கும் தூபிகளைக் கண்டு அந்நகரின் பழமையை உணர்ந்துகொள்கிறான். தஞ்சாவூருக்குப் போகின்றவனுக்கும் பெரிய கோயிலின் விமானம் அவ்வாறே வழிகாட்டுகின்றது. யாழ்ப்பாணத்துக்கு வருகின்றவனோ பனங்கூடல்களையும், புகையிலைத் தோட்டங்களையும், வேலியடைத்த வளவுகளையும், கிணறுகளையும், கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றான். பட்டினத்தின் ஓரத்திலே தெரிகின்ற கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது. ஓங்கி நிற்கின்ற கோபுரங்களுட் பெரும்பாலானவை அண்மைக் காலத்தவை. ஆதலால், இந்த நாட்டுக்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்குமோ என்று ஐயுறுகின்றவர்கள் உளர்.

அந்த ஐயத்துக்கு விடை நம் காலின் கீழே கிடக்கின்றது. அதனை அறிந்துகொள்ள வேண்டுமாயின், முதலில் இந்த நிலத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும்.

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. மயோசீன் காலம் என்று புவியியலார் குறிப்பிடும் தொன்மையான காலத்திலே கடலின் அடியிற் படிந்து உருவாகிய பாறை அது. இலங்கையின் மற்றைப் பகுதிகளிலே காணப்படும் கருங்கல் இங்கே கிடையாது. கருங்கல் இல்லாத நாட்டிலே மலைக்குகை ஏது? குகைவாயிலின் மேற் பொறிக்கப்படும் பிராமிச் சாசனம் ஏது? ஆயிரம் ஆண்டு நிலைத்து நிற்கக்கூடிய கற்றூண் ஏது? நம் முன்னோர் சுண்ணாம்புக் கல்லையும், கடலிலிருந்து எடுத்த முருகைக் கல்லையும், மண்ணையும், பனைமரத்தையும் கொண்டே கட்டினர். அவை விரைவில் அழிந்துபோவன. அழிந்த கட்டடத்தின் கல்லை அடுத்த தலைமுறையினர் எடுத்துத் தம் வீட்டுக்கு இட்டுக்கொள்வர். சுண்ணாம்புச் சூளைக்கு இரையாகிப்போன கற்களும் பலவாகும்.

இனி, தண்ணீரைப் பாருங்கள். மாரியிலே பெய்கின்ற மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளினூடே கீழே இறங்கி, அங்குள்ள உவர்நீரின் மேல் ஒரு படலம்போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரங் குறைந்தது. கடல்நீர் பாரங் கூடியது. ஆகையால் அளவோடு இறைக்கும் வரையில் இரண்டும் கலப்பதில்லை. இந்த மெல்லிய நன்னீர்ப் படலமே குடாநாட்டின் உயிர்நாடி. நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் ஒருங்கு கூடுகின்ற இடங்கள் அளவானவை. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் எந்த இடத்தைக் குடியிருக்கத் தக்கதென்று தெரிந்தெடுத்தானோ, அந்த இடத்தையே அவனுக்குப் பின் வந்தவர்களும் தெரிந்தெடுத்தனர். இன்று நாமும் அங்கேதான் குடியிருக்கின்றோம். இந்தக் காரணத்தினாலே யாழ்ப்பாணத்தின் பழைய ஊர்கள் காட்டுக்குள்ளே பாழடைந்து தனித்துக் கிடக்கவில்லை. இன்றைய ஊர்களின் அடியிலே, வளவுகளுக்கும் தோட்டங்களுக்கும் கோயில் வீதிகளுக்கும் கீழே, அவை மறைந்து கிடக்கின்றன.

வீதியின் ஒழுங்கை விட்டுக் காலத்தின் ஒழுங்கிலே அவ்விடங்களுட் சிலவற்றைப் பார்த்துவருவோம்.

வேலணையின் சிப்பி மேடு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மேற்கே பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துள் நுழைந்தால் வேலணையை அடையலாம். கற்கருவிகளைக் கொண்டு வாழ்ந்த மனிதர் குடாநாட்டுப் பக்கம் வந்ததற்குச் சான்றில்லை என்பதே நெடுங்காலமாக ஆராய்ச்சியாளர் கருத்தாக இருந்தது. கருவி செய்வதற்கு வேண்டிய கல்லே இங்கில்லாதபோது அவர்கள் எதற்காக வருவார்கள் என்று கேட்டனர். அண்மை ஆண்டுகளில் வேலணையிலே நடந்த ஆராய்ச்சி அக்கேள்விக்கு விடையளித்திருக்கின்றது. கடலுணவை உண்டு எறிந்த சிப்பிகளும் ஓடுகளும் குவிந்த மண்படையிலே சிறு கற்கருவிகளும் கிடைத்தன. அப்படையின் வயது ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். கருவி செய்த கல் பெருநிலப் பரப்பிலிருந்து கொண்டுவரப்பட்டதாகும். கடலின் ஓரத்திலே கிடைக்கும் உணவை நாடி, வேண்டிய கல்லையும் தம்முடன் சுமந்துகொண்டு வந்தவர்களே நாம் அறிந்த மட்டில் இப்பகுதியின் முதல் மனிதர்.

வேண்டிய பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து வாழும் இந்தப் பழக்கம் யாழ்ப்பாணத்தாரை இன்றுவரை விட்டபாடில்லை.

கந்தரோடை

பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே சென்று சுன்னாகத்திலிருந்து மேற்கே திரும்பினால், சிறிது தூரத்திலே கந்தரோடை வரும். ஒருபுறம் செம்மண் தோட்டம், ஒருபுறம் நெல்வயல், நடுவே குளம். மாரி காலத்தில் மட்டும் பெருகி ஓடுகின்ற வழுக்கையாறு இப்பகுதியைத் தொட்டுக்கொண்டு அராலிக் கடலேரியை நோக்கிச் செல்கின்றது. தோட்டம், வயல், குளம், கடலுக்குச் செல்லும் நீர்வழி ஆகிய நான்கும் ஓரிடத்திலே அமைந்த ஊர் குடாநாட்டிலே வேறெங்கும் காண்பதரிது. யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்ற கதிரமலை என்னும் இராசதானி இவ்வூரே என்பர். சிங்கள மொழியிலுள்ள நம்பொத்த என்னும் நூல், விகாரைகளின் பெயர்களை வரிசைப்படுத்துமிடத்துக் கூறும் கதுருகொட என்பதும் இவ்வூரே என்பர்.

இதன் பழமையை உலகறியச் செய்தவர் அரசாங்க சேவையில் உயர்பதவி வகித்தவரும் சரித்திர ஆசிரியருமாகிய போல் ஈ. பீரிஸ் அவர்கள். 1917ஆம் ஆண்டிலிருந்து அவர் இங்கே தேடியும் அகழ்ந்தும் கண்டவற்றை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே வெளியிட்டார். அச்சுக் குத்திய வெள்ளி நாணயங்கள், திருமகள் உருவம் பொறித்த நீள்சதுர நாணயங்கள், உரோமாபுரி நாணயங்கள், சூதுபவள மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்கள் என அவர் கண்ட பொருள்கள் பலவாகும். மைக்கோல்கள் பண்டை எகிப்தியர் வழங்கிய கோல்களை ஒத்திருந்தமை அவருக்கு வியப்பளித்தது. மைதீட்டிய பெண்ணின் பெயரை நாம் அறியோம். ஆயினும், அவள் தன் கோலைக் கைதவற விட்ட தெருவிலே இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர்.

கந்தரோடையைக் காணச் செல்வோர் முதலிற் பார்ப்பது பனைகளின் நடுவே கூட்டமாக நிற்கும் சிறு தூபிகளையே. இருபதுக்கு மேற்பட்டவை இன்று காணக்கிடைக்கின்றன. முருகைக் கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் அமைந்தவை. 1960களின் பிற்பகுதியிற் புதைபொருளாராய்ச்சித் திணைக்களத்தார் இவ்விடத்தை அகழ்ந்து, பின்னர் தூபிகளைத் திருத்தியமைத்தனர். மறைந்த துறவிகளின் நினைவாக எழுந்தவை என்றும், நேர்த்திக்கடனாகக் கட்டப்பட்டவை என்றும் ஆராய்ச்சியாளர் பலவாறாகக் கூறுவர். பௌத்தம் இங்கே தழைத்திருந்தது என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டிலும் காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் பௌத்தம் தழைத்திருந்த காலம் ஒன்று உண்டன்றோ?

ஆயினும் கந்தரோடையின் மெய்யான பழமை தூபிகளின் அடியிலும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களின் அடியிலும் இருந்தது. 1970ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்த குழுவினர், விமலா பெக்லி என்னும் அம்மையாரின் தலைமையிலே இங்கு குழிகள் வெட்டி ஆராய்ந்தனர். தூபிகள் கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் ஆயிரவாண்டின் நடுப்பகுதியளவிலே, மக்கள் இங்கு நிலைத்துக் குடியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. அடிமட்டத்திலே கிடைத்தவை உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் உள்ள மட்கலங்களின் ஓடுகள். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறம் கறுக்கின்றது. காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கின்றது. ஆதிச்சநல்லூரிலும் தமிழ்நாட்டின் மற்றும் பல இடங்களிலும், இலங்கையின் பொம்பரிப்பிலும் கிடைக்கும் ஓடுகளும் இவ்வினத்தனவே. பெருங்கற்காலப் பண்பாடு என ஆராய்ச்சியாளர் வழங்கும் பண்பாட்டின் அடையாளம் இது. இரும்பை உருக்கவும், நெல்லை விளைக்கவும், இறந்தோரை முறைப்படி அடக்கஞ் செய்யவும் அறிந்திருந்தவர்கள் அம்மக்கள்.

இவற்றின் மேல்மட்டத்திலே வேறொரு வகைக் கலம் கிடைக்கின்றது. பளபளப்பான சாம்பல் நிறமுடையது. உள்ளே வட்டம் வட்டமாகச் சிறு பள்ளங்களாலான கோலம் உருட்டப்பட்டிருக்கும். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலே 1945ஆம் ஆண்டில் வீலர் என்ற அறிஞர் இதனைக் கண்டு, இது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தது என எண்ணினார். பின்வந்த ஆராய்ச்சியாளர், விமலா பெக்லியும் அவர்களுள் ஒருவர், இது இந்தியாவின் கிழக்குக் கரையிலேயே செய்யப்பட்டதென நிறுவினர். உரோமாபுரியிலிருந்து வந்த பொருளும், வங்கக் கடலோரத்திலே வனைந்த கலமும் ஒரே தெருவில் வந்து சேர்ந்தன என்றால், கந்தரோடை ஒரு சிற்றூராக இருந்திருத்தல் இயலாது.

ஆனைக்கோட்டை முத்திரை

கந்தரோடைக்குத் தெற்கே, பட்டினத்திலிருந்து மானிப்பாய்க்குச் செல்லும் வழியில், கடலேரிக்கு அண்மையில் உள்ளது ஆனைக்கோட்டை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலத்தில், 1980ஆம் ஆண்டின் இறுதியையொட்டி, அங்குள்ள ஆராய்ச்சியாளர் இவ்விடத்திலே அகழ்ந்தனர். பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி ஆகியோர் அம்முயற்சியில் முதன்மையானவர்கள். நீட்டிக் கிடத்தி அடக்கஞ் செய்யப்பட்ட மனித எலும்புக்கூடும், அதனோடு வைத்த கலங்களும் வெளிப்பட்டன. அவ்வெலும்புக்கூட்டின் அருகே ஒரு சிறு முத்திரை கிடைத்தது.

அதில் இரண்டு வரிகள் உள்ளன. மேல்வரியில் மூன்று குறிகள். பெருங்கற்கால மட்கலங்களின் மேற் கீறப்பட்டிருக்கும் குறிகளை ஒத்தவை அவை. அவற்றின் பொருள் இன்னும் துலங்கவில்லை. கீழ்வரியிலே மூன்று பிராமி எழுத்துகள். அவற்றைக் ‘கோவேத’ என வாசித்தனர். முதலெழுத்தாகிய ‘கோ’ என்பது அரசனை அல்லது தலைவனைக் குறிக்குந் தமிழ்ச் சொல் என்பது இந்திரபாலா முதலியோர் கொள்கை. காலம் ஏறத்தாழக் கி. மு. மூன்றாம் நூற்றாண்டு என்பர். பழைய குறியும் புதிய எழுத்தும் ஒரே முத்திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதை எண்ணிப் பாருங்கள். எழுத்து என்னும் புதுமை ஒரு சமுதாயத்தினுள்ளே நுழைகின்ற வேளையில், பழைய குறியை விட்டுவிடவும் மனமில்லாமல், புதியதை ஒதுக்கவும் மனமில்லாமல் இரண்டையும் தன் விரலில் அணிந்த ஒரு மனிதனை அங்கே காண்கின்றோம்.

2024ஆம் ஆண்டிலே ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் வழிகாட்டலில் மீண்டும் அகழ்ந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விட்டுப்போன வேலை தொடர்ந்தமை மகிழ்ச்சிக்குரியது.

வல்லிபுரத்துப் பொன்னேடு

இனி வடமராட்சிக்குச் செல்வோம். பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே சில கிலோமீற்றர் தூரத்தில், வெண்மணற் குன்றுகளின் நடுவே வல்லிபுர ஆழ்வார் கோயில் விளங்குகின்றது. அவ்விடத்திலே 1936ஆம் ஆண்டில் ஒரு பழங் கட்டடத்தின் அத்திவாரத்தின் கீழே சிறு பொன்னேடு ஒன்று கிடைத்தது. நான்கு வரிகள் கொண்ட அதனைப் பரணவிதான அவர்கள் வாசித்து வெளியிட்டார். எழுத்து பிராமி, மொழி பிராகிருதம். வசப மன்னனுடைய ஆட்சியிலே, இசிகிரய என்னும் அமைச்சன் நாகதீவத்தை ஆண்டபோது, பியகுக திஸ்ஸ என்பவன் அங்கே ஒரு விகாரை கட்டுவித்தான் என்பது அதன் கருத்து. வசபன் கி. பி. 67 முதல் 111 வரை அனுராதபுரத்தில் அரசாண்டவன். இந்தக் குடாநாடு நாகதீவம் என்று வழங்கியமைக்கு இங்கேயே கிடைத்த எழுத்துச் சான்று இதுவாகும். அமைச்சனது பெயரையும் இடப்பெயரையும் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வல்லிபுரத்திலே கிடைத்த புத்தர் சிலை ஒன்றை, தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி பிளேக் 1906ஆம் ஆண்டில் சீயம் தேசத்து மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். கருங்கல் இல்லாத நாட்டிலே கிடைத்த ஒரு சிலையும் நாட்டை விட்டுப் போயிற்று.

தீவகத்துத் துறைமுகங்கள்

மீண்டும் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துக்கு வருவோம். முன்பு கண்டது கற்கருவிக் காலம். இப்போது காண்பது அதற்கு ஏறக்குறைய 2,500 ஆண்டுகள் பிந்திய காலம். வேலணைக்குப் போகும் வழியில் உள்ள அல்லைப்பிட்டியிலே 1977ஆம் ஆண்டளவில் சீனத்து மட்கலங்களின் ஓடுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அவை பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை, வட சொங் வமிசத்தார் சீனாவை ஆண்ட காலத்தவை என்றார். 2018ஆம் ஆண்டிலே சீனத்து ஷங்காய் நூதனசாலையைச் சேர்ந்தவர்களே நேரில் வந்து அங்கு அகழ்ந்து, தம் நாட்டுக் குவாங்டொங், பூஜியன் மாகாணச் சூளைகளிற் செய்த கலங்களை இங்கே கண்டனர்.

அக்கலங்களைச் சுமந்து வந்த மரக்கலங்கள் எந்த ஒழுங்கின் கீழ் வந்தன என்பதை நயினாதீவிலுள்ள கல்வெட்டு விளக்குகின்றது. குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளமேறி நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் நாகபூஷணி அம்மனைத் தரிசித்துத் திரும்புகின்றனர். அக்கோயிலிலே கிடைத்த கல்வெட்டைப் பலர் அறியார். பொலன்னறுவையில் இருந்து கி. பி. 1153 முதல் 1186 வரை அரசாண்ட பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை அது, தமிழிலே பொறிக்கப்பட்டது. இந்திரபாலா அவர்கள் 1963ஆம் ஆண்டில் அதனை வாசித்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படுதல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், பொருளில் நாலிலொன்று பண்டாரத்துக்கும், நாலில் மூன்று உரியவனுக்கும் சேரும். வாணிபப் பொருள் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உரியவனுக்கு. இதுவே அதன் சாரம்.

யானையும் குதிரையும் போருக்கு வேண்டியவை. ஆதலால் அவற்றைக் கொண்டுவரும் வணிகனுக்குக் கூடுதலான சலுகை. அரசனுடைய கணக்கு நன்கு விளங்குகின்றது. அதனினும் விளக்கமான செய்தி ஒன்று உண்டு. சிங்கள மன்னன் ஒருவன் கடல் வணிகருக்கு இட்ட கட்டளையைத் தமிழிலே எழுதுவித்தான். படிக்க வேண்டியவர்கள் படிக்கக்கூடிய மொழியிலே எழுதுவதுதானே முறை? அக்காலத்து ஊராத்துறையின் வாணிப மொழி எதுவென்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

கோட்டையின் கீழே ஒரு துறை

பட்டினத்துக்குத் திரும்புவோம். 1990ஆம் ஆண்டு முற்றுகையிலே யாழ்ப்பாணக் கோட்டை பெருஞ்சேதமடைந்தது. உள்ளிருந்த ஒல்லாந்தர் தேவாலயமும் அழிந்துபோயிற்று. யுத்தம் முடிந்தபின் கோட்டையைத் திருத்தும் வேலை தொடங்கியபோது, அதன் நிலத்தை ஆராயும் வாய்ப்பும் கிடைத்தது. மத்திய கலாசார நிதியமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கு அகழ்ந்தன. பறங்கியர் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்விடத்தில் மக்கள் வாழ்ந்தமைக்கும், கடல் வாணிபம் நடந்தமைக்கும் சான்றுகள் கிடைத்தன. கோட்டையினுள்ளே கண்டெடுத்த சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1971ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டிருந்தது. போர்த்துக்கேயர் தமக்கென ஒரு துறையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முன்பிருந்த துறையின் மேலேயே கோட்டையை எழுப்பினர் என்பது இதனால் துணியப்படும்.

நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்ட காலம் 1619ஆம் ஆண்டில் முடிவுற்றது. நந்தியும் ‘சேது’ என்னும் மொழியும் பொறித்த அவர்களுடைய நாணயங்களும், யமுனா ஏரி என்னும் கேணியும் எஞ்சியுள்ளன. நாம் வழக்கமாகச் சரித்திரம் தொடங்குவதாக நினைக்கும் இடம் இதுவே. மேலே கண்டவற்றை நோக்கினால், இது அந்த நெடிய கதையின் பிற்பகுதி என்பது தெளிவாகும்.

மண் சொல்வதைக் கேட்டல்

இச்சான்றுகளைக் கண்டவுடனே, “இது எம்முடையது”, “இல்லை, இது எம்முடையது” என்று வழக்காடும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. கந்தரோடைத் தூபியைக் காட்டி ஒரு சாரார் ஒன்று சொல்வர். ஆனைக்கோட்டை முத்திரையைக் காட்டி மற்றொரு சாரார் வேறொன்று சொல்வர். மண்ணோ இரண்டையும் தன் மடியிலே வைத்திருக்கின்றது. அனுராதபுரத்து அரசனின் பெயரும், ‘கோ’ என்னும் சொல்லும், பிராகிருதமும் தமிழும், புத்தர் தூபியும் அம்மன் கோயிற் கல்வெட்டும் சில மைல் தூரத்துக்குள்ளே கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றையதை மறைப்பவர் எவராயினும் அவர் தம் முன்னோரின் கதையிலே பாதியை அழிக்கின்றவராவர்.

சான்றை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதற்கு இந்திரபாலா அவர்களே நல்ல எடுத்துக்காட்டு. 1965ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆராய்ச்சியில், இலங்கையிலே தமிழர் பெருமளவில் நிலையாகக் குடியேறியது பிற்காலத்தில், ஏறக்குறையப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே என அவர் எழுதினார். அன்று கிடைத்த சான்றுகள் அவ்வளவே. பின்னர் கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் பேசத் தொடங்கின. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, சிங்களவர் தமிழர் ஆகிய இருசாராரும் இத்தீவிலே வாழ்ந்த பொதுவான தொல்குடிகளிலிருந்து, மொழியும் சமயமும் பரவிய நெடிய போக்கிலே, படிப்படியாக உருவாகியவர்கள் என விரிவாக ஆராய்ந்து கூறினார். புதிய சான்று வந்தபோது பழைய முடிவை விட்டுக்கொடுக்கும் துணிவு அறிவாளிக்கு அழகு. அதற்கு முதலிற் சான்று நமக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்கும்வரை அது அழியாமல் இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் கவலை தொடங்குகின்றது. ஒரு மட்கல ஓட்டின் மதிப்பு அந்த ஓட்டில் மட்டும் இல்லை. எந்த ஆழத்திலே கிடந்தது, அதனோடு வேறு எவை கிடந்தன, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்பவற்றிலேதான் அதன் காலமும் பொருளும் தங்கியுள்ளன. அதைப் பிடுங்கி எடுத்து அலுமாரியிலே வைத்துவிட்டால், சாட்சி இருக்கும்; வாக்குமூலம் போய்விடும். ஆனைக்கோட்டை முத்திரை ஒரு பழைய பொருள் வியாபாரியின் கடையிலே கிடைத்திருந்தால், அது எவருடைய கல்லறையில், எந்தக் கலங்களோடு இருந்தது என்பதை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

யுத்தம் முடிந்தபின் குடாநாட்டிலே வீடுகள் பெருகுகின்றன, வீதிகள் அகலமாகின்றன. அவை வேண்டியவையே. ஆனால், அத்திவாரம் வெட்டுகின்ற யந்திரம் ஒருநாட் காலையில் இரண்டாயிரம் ஆண்டுகளை அள்ளி லொறியில் ஏற்றிவிடக்கூடும். பள்ளக்காணியை நிரப்புவதற்கு மேட்டுமண் வேண்டும். மேட்டுமண்ணோ பழைய குடியிருப்பின் மண். புதையல் தேடி இரவிலே கிண்டுகின்ற பேராசைக்காரராலும் இந்த மண்ணுக்கு ஆபத்து உண்டு. அவர்கள் தேடும் பொன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அறிவு மட்டும் அழிந்துபோகின்றது.

1981ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஆனைக்கோட்டை முத்திரையைப் பற்றிய செய்தி அறிஞருலகிலே பரவிய அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 97,000 நூல்களும், திரும்பக் கிடைக்காத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஏடு போனபின் நமக்கு எஞ்சிய பழைய நூலகம் இந்த மண் ஒன்றே. அதையும் நம் கையினாலேயே கிழித்தெறிந்துவிட்டு எவர் மேற் குறைகூறுவது?

சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், பழம்பொருள் கண்டெடுப்போர் அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என விதிக்கின்றது. எனினும் ஒவ்வொரு வளவிலும் ஒரு காவலனை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் இயலாது. கிணறு வெட்டுகின்றவரும், தோட்டங் கொத்துகின்றவரும், வீடு கட்டுவிக்கின்றவருமே மெய்யான காவலர். கறுப்பும் சிவப்புமான ஓடோ, எலும்போ, மணியோ, பழைய நாணயமோ மண்வெட்டியிலே தட்டுப்பட்டால் வேலையைச் சற்று நிறுத்துங்கள். எடுக்காமல் அப்படியே விடுங்கள். கிராம அலுவலருக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ சொல்லியனுப்புங்கள். வேலை சில நாள் தாமதமாகலாம். அதற்கு ஈடாக உங்கள் ஊரின் வயது தெரியவரலாம்.

விடுமுறை நாட்களிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தொலைவிலுள்ள இடங்களுக்கெல்லாம் போகின்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுன்னாகம் வரை போய்க் கந்தரோடையைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலை திறந்திருக்கும் நாளாயின், அங்கு வைக்கப்பட்டிருக்கும் கந்தரோடைப் பொருள்களையும் காட்டுங்கள். நாகதீவம் என்ற பெயரையும் சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை தன் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது, மண்ணுக்குள்ளே தெரிகின்ற ஒரு சிவப்பு ஓட்டைக் கண்டு, “கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லக்கூடும்.